கத்திக்கு முன்னால் ஓர் ஊசி

அறுவை அரங்கில் நோயாளியின் தோலில் கத்தி படுவதற்கு முன்பே ஒரு சிகிச்சை தொடங்கிவிடுகிறது. கை நரம்பில் செருகிய குழாய் வழியாக ஆன்டிபயாட்டிக் ஒன்று உள்ளே செல்கிறது. காயத்தில் கிருமி தங்கிவிடாமல் காப்பது அதன் வேலை. அதையொட்டியே மயக்க மருந்து, வலி நீக்கி, தசையைத் தளர்த்தும் மருந்து என நான்கைந்து பொருள்கள் அடுத்தடுத்து இரத்தத்தில் கலக்கின்றன. பெரும்பாலானோருக்கு எதுவும் நேர்வதில்லை. ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு மட்டும் அவற்றில் ஏதோ ஒன்றை உடல் பகையாக எடுத்துக்கொள்கிறது. சில நிமிடங்களில் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வந்துவிடுகிறது.

வீட்டில் மாத்திரை விழுங்கியவருக்கு ஒவ்வாமை வந்தால், உள்ளங்கை அரிக்கிறது, நாக்கு தடிக்கிறது, நெஞ்சை அடைக்கிறது என்று அவரே சொல்லிவிடுவார். மயக்கத்தில் இருப்பவரால் சொல்ல முடியாது. உடம்பெல்லாம் தடிப்பு எழும்பினாலும் அது பச்சைத் துணிக்கடியில் மறைந்திருக்கும். கடுமையான ஒவ்வாமையில் தோலுக்குப் போகும் இரத்தமே குறைந்துவிடுவதால் தடிப்பு தோன்றாமலும் இருக்கலாம்; அழுத்தத்தைத் தூக்கி நிறுத்திய பிறகுதான் தோல் சிவக்கும். அழுத்தம் குறைவதற்கு மயக்க மருந்தே காரணமாகலாம், இரத்தப்போக்கும் காரணமாகலாம். திரையில் எண் விழுந்துகொண்டிருக்கும்போது, இது அவற்றில் எது என்று மயக்கவியல் மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். அதற்கு அவருக்குக் கிடைப்பது நிமிடக் கணக்கான நேரம்தான்.

இந்த ஆபத்தை அளந்து பார்க்க ஒரு நாடு முழுவதும் எடுத்த முயற்சிகளில் பெரியது பிரிட்டனில் நடந்தது. அந்நாட்டின் மயக்கவியல் மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2015 நவம்பரிலிருந்து ஓராண்டு, நாட்டின் அரசு மருத்துவமனைகளில் அறுவையை ஒட்டி நேர்ந்த கடும் ஒவ்வாமை நிகழ்வுகளையெல்லாம் திரட்டியது. ஒவ்வொன்றையும் வல்லுநர் குழு உட்கார்ந்து அலசியது. 2018-ல் வெளிவந்த அந்த ஆறாவது தேசியத் தணிக்கையில் 266 நிகழ்வுகள் இடம்பெற்றன. 40 பேருக்கு இதயம் நின்றது. 10 பேர் இறந்தனர். இறந்தவர்களில் உடல் பருமன் உள்ளவர்களும், ஏற்கெனவே இதய நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர்களும் மிகுதியாக இருந்தார்கள்.

காரணப் பொருள் இன்னதென்று அடையாளம் கண்ட பதிவுகள் 199. அவற்றில் 94-க்கு ஆன்டிபயாட்டிக்தான் காரணம். தசைத் தளர்ச்சி மருந்துகள் 65-க்குக் காரணமாகி இரண்டாம் இடத்துக்குப் போயின. அதுவரை முதல் சந்தேகம் விழுந்ததென்னவோ தசைத் தளர்ச்சி மருந்துகளின் மேல்தான்.

ஆன்டிபயாட்டிக்குகளிலும் இரண்டே மருந்துகள் பத்தில் ஒன்பது பங்கு நிகழ்வுகளுக்குப் பொறுப்பாயின. ஒன்று, நம் ஊர் மருந்துக் கடைகளில் ஆக்மென்டின் என்ற பெயரில் பலரும் அறிந்த கோ-அமாக்ஸிக்ளாவ். பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. மற்றது டெய்க்கோபிளானின். அதற்கும் பெனிசிலினுக்கும் உறவில்லை. லட்சம் பேருக்குச் செலுத்தினால் கோ-அமாக்ஸிக்ளாவ் ஏறத்தாழ 9 பேருக்குக் கடும் ஒவ்வாமையைத் தந்தது. டெய்க்கோபிளானின் 16 பேருக்குத் தந்தது. செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாட்டிக்கான செஃபுராக்ஸிமில் அது லட்சத்துக்கு ஒன்றுக்கும் கீழே.

டெய்க்கோபிளானினை யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால்தான் இந்தக் கணக்கின் வேதனை புரியும். ‘பெனிசிலின் அலர்ஜி’ என்று கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டவர்களுக்குப் பாதுகாப்பான மாற்று என்று நம்பிக் கொடுக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று. டெய்க்கோபிளானினால் பாதிக்கப்பட்டவர்களில் கணிசமானோர் அந்தக் காரணத்துக்காகவே அதைப் பெற்றவர்கள். பெனிசிலின் ஒவ்வாமை உண்மையிலேயே இருந்திருந்தால் மாற்று மருந்தின் ஆபத்தை ஏற்றுக்கொள்ளலாம். அது அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே இருந்தது? இந்தச் சொற்பொழிவு முழுவதும் இந்த ஒரு கேள்வியைத்தான் தொடர்கிறது. ஒவ்வாமை என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் உயிரோடு சம்பந்தப்பட்ட முடிவுகள். அப்படியிருந்தும் மருத்துவமனையில் மிகக் குறைவாகச் சோதிக்கப்படும் தகவல் அதுதான்.

அந்த ஆன்டிபயாட்டிக் ஊசியையே போடாமல் விட்டுவிட்டால் என்ன என்று தோன்றலாம். முடியாது. பாஸ்டனில் ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவர் 1961-ல் கினிப் பன்றிகளிடம் செய்த சோதனை இதற்கு அடிப்படை. கிருமி உள்ளே போவதற்குச் சற்று முன் மருந்து திசுவில் இருந்தால் தொற்று அடங்கியது. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது கொடுக்காததைப் போலவே ஆயிற்று. மனிதர்களிடமும் அதுவே நிலைபெற்றது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஒரு மருத்துவமனை 2,847 அறுவைகளை ஆராய்ந்து 1992-ல் வெளியிட்ட முடிவில், கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களிடையே தொற்று 0.6 சதவீதம். கத்தி வைத்து மூன்று மணி நேரத்துக்கும் பிறகு பெற்றவர்களிடையே 3.3 சதவீதம். ஆகவே ஊசி தேவை. சரியான ஊசி தேவை. சரியான நேரத்தில் தேவை.

உடல் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதற்கான முதல் தடயம் ஒரு கடற்பயணத்தில் கிடைத்தது. மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் 1901-ல் சென்ற பிரெஞ்சு உடலியலாளர்கள் சார்ல் ரிஷேவும் பால் போர்ட்டியேவும் கடலில் மிதக்கும் கொட்டும் உயிரிகளின் நஞ்சை ஆராயத் தொடங்கினார்கள். பாரிஸுக்குத் திரும்பிக் கடல் சாமந்தியின் நஞ்சைக் கொண்டு அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். சிறிதளவு நஞ்சைச் செலுத்தினால் நாய்கள் அதற்குப் பழகிவிடும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. நெப்டியூன் என்ற திடகாத்திரமான நாய் முதல் ஊசியைத் தாங்கிக்கொண்டது. 22 நாள் கழித்து அதே அளவு போட்டபோது சில நொடிகளில் மூச்சிரைத்து, தள்ளாடி விழுந்து, 25 நிமிடத்தில் இறந்துபோனது. முதல் சந்திப்பு காப்பதற்குப் பதிலாக உடலைக் கொலைக்குத் தயார்ப்படுத்தியிருந்தது. இந்த நிலைக்கு அனஃபிலாக்ஸிஸ் என்று பெயரிட்ட ரிஷே 1913-ல் நோபல் பரிசு பெற்றார்.

எந்தப் பொருள் அப்படித் தயார்ப்படுத்துகிறது என்பது தெரிய மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1960-களின் நடுவில் அமெரிக்காவில் கிமிஷிகே, தெருக்கோ இஷிஸாக்கா தம்பதியும், ஸ்வீடனில் ஜொஹான்சன், பென்னிக் இருவரும் தனித்தனியே ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைக் கண்டறிந்தார்கள். ஒருமுறை மருந்தைச் சந்தித்த உடல் அதற்கென்றே ஐஜிஇயை உருவாக்கி, தோலிலும் மூச்சுக்குழலிலும் இரத்த நாளங்களைச் சுற்றியும் காத்திருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டி வைக்கிறது. அடுத்த முறை அதே மருந்து வந்து தொட்டதும் அச்செல்கள் ஹிஸ்டமின், டிரிப்டேஸ் போன்றவற்றைக் கொட்டுகின்றன. நாளங்கள் விரிகின்றன, அவற்றிலிருந்து நீர் கசிகிறது, மூச்சுக்குழல் இறுகுகிறது.

ஐஜிஇ இல்லாமலே மாஸ்ட் செல்லைத் தூண்டும் மருந்துகளும் உண்டு. வான்கோமைசினை வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். சொட்டு வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். சிப்ரோஃப்ளாக்ஸசின் வகை மருந்துகளும் சில தசைத் தளர்ச்சி மருந்துகளும் மாஸ்ட் செல்லின் மேலுள்ள ஓர் ஏற்பியை நேரடியாகவே தட்டி எழுப்புகின்றன என்று 2015-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஐஜிஇயால் வருவதும் அது இல்லாமல் வருவதும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். முதலாவதில், சோதித்துப் பார்க்காமல் அந்த மருந்தைத் தொடக்கூடாது. மற்றதில் மெதுவாக ஏற்றினால் போதும். கேஸ் ஷீட்டில் இரண்டையும் ‘அலர்ஜி’ என்றே எழுதிவிடுகிறார்கள்.

பெனிசிலினின் கதையில் இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது உலகெங்கும் பரவிய வேகத்திலேயே அதன் ஒவ்வாமையும் தெரியவந்தது. 1949-லேயே பெனிசிலின் ஊசியால் நேர்ந்த மரணம் மருத்துவ இதழில் பதிவாயிற்று. அச்சம் பரவியது. ஆனால் அளவோ சிறியது. உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 1968-ல் வந்த மதிப்பீட்டின்படி, பெனிசிலின் பெற்ற லட்சம் பேரில் அனஃபிலாக்ஸிஸால் இறப்பவர் ஒன்றரை முதல் இரண்டு பேர். வாதக் காய்ச்சல் மீண்டும் தாக்காமலிருக்க மாதந்தோறும் பென்சத்தீன் பெனிசிலின் போட்டுக்கொள்பவர்களைப் பல நாடுகளில் பின்தொடர்ந்து 1991-ல் வெளியிட்ட ஆய்வில் 1,790 நோயாளிகள், 32,430 ஊசிகள்; அனஃபிலாக்ஸிஸ் நான்கு, மரணம் ஒன்று. அந்த ஒரு மரணம் ஒரு குடும்பத்தின் பேரிழப்பு. அந்த ஊசியைக் கண்டு பயந்து நிறுத்திவிட்டால் இதய வால்வு கெட்டு இறக்கும் சிறுவர்களின் கணக்கு இதைவிடப் பன்மடங்கு பெரியது என்பதும் உண்மை.

அமெரிக்காவில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் தமக்குப் பெனிசிலின் ஒவ்வாது என்கிறார். அவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோருக்கு ஒவ்வாமை இல்லை. பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. குழந்தைப் பருவத்தில் வைரஸ் காய்ச்சலுக்கு அமாக்ஸிசிலின் கொடுத்திருப்பார்கள். வைரஸால் தோன்றிய தடிப்பை மருந்தின் கணக்கில் எழுதியிருப்பார்கள். வயிற்றுப்போக்கு, குமட்டல், தலைவலி ஆகியவையும் ஒவ்வாமையாகப் பதிவாகியிருக்கும். அப்பாவுக்கு ஆகாது, அதனால் எனக்கும் ஆகாது என்று சொல்பவர்கள் உண்டு. உண்மையான ஐஜிஇ ஒவ்வாமைகூட நிலையாக நிற்பதில்லை. பெனிசிலினைத் தொடாமலிருந்தால் ஐந்தாண்டில் பாதிப்பேரிடமும் பத்தாண்டில் ஐந்தில் நால்வரிடமும் அது மறைந்துவிடுகிறது.

மறையாமல் இருப்பது பதிவேட்டில் உள்ள வரி மட்டும்தான். அதன் விலையைக் கிம்பர்லி புளூமெந்தால் குழுவினர் 2018-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 8,385 பேருக்கு நடந்த இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு, கருப்பை, பெருங்குடல், இதய நாள அறுவைகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். பெனிசிலின் ஒவ்வாமை என்று பதிவானவர்களுக்கு அறுவைக் காயத்தில் தொற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அந்த வேறுபாடு முழுவதற்கும் காரணம், அவர்களுக்குச் செஃபலோஸ்போரின் வகையைச் சேர்ந்த முதல் தர மருந்தான செஃபசோலின் கிடைக்காமல் இரண்டாம் தர மாற்றுகள் கிடைத்ததுதான். மாற்றி வைத்த மூட்டில் சீழ் பிடித்தால் அதைக் கழற்றி மறுபடி அறுவை செய்ய வேண்டிவரும். முழங்கால் வலி தீர வந்த ஒரு பாட்டி, சிறு வயதில் யாரோ எழுதிய ஒரு வரியால் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடக்க நேரலாம்.

செஃபசோலினை ஏன் மறுத்தார்கள்? பெனிசிலின் ஒவ்வாதவர்களில் பத்து சதவீதம் பேருக்குச் செஃபலோஸ்போரினும் ஒவ்வாது என்று பழைய பாடநூல்கள் பயமுறுத்தின. தொடக்க காலச் செஃபலோஸ்போரின்களில் பெனிசிலினின் எச்சம் கலந்திருந்தது அந்த எண்ணுக்கு ஒரு காரணம். இன்றைய கணக்கில் அது இரண்டு சதவீதம் அளவே. அதிலும் ஒவ்வாமையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மூலக்கூறின் பக்கச் சங்கிலி. அமாக்ஸிசிலினும் செஃபலெக்ஸினும் ஒத்த பக்கச் சங்கிலி உடையவை. அங்கே எச்சரிக்கை வேண்டும். செஃபசோலினின் பக்கச் சங்கிலி எந்தப் பெனிசிலினுக்கும் இல்லாத தனி வடிவம். அதனால்தான் அமெரிக்க ஒவ்வாமைச் சங்கங்களின் 2022 வழிகாட்டுதல், பெனிசிலினால் அனஃபிலாக்ஸிஸ் வந்தவருக்கும் செஃபசோலின் கொடுக்கலாம் என்கிறது. இந்தச் செய்தி எல்லா அறுவை அரங்குகளையும் சென்று சேர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

சந்தேகமுள்ள வரியை அழிப்பதற்கு இப்போது எளிய வழியும் கிடைத்திருக்கிறது. மெல்பர்னில் ஜேசன் ட்ருபியானோ குழுவினர் 2020-ல் வெளியிட்ட பென்-ஃபாஸ்ட் என்ற மதிப்பெண் முறை மூன்றே கேள்விகளைக் கேட்கிறது. ஒவ்வாமை நேர்ந்து ஐந்தாண்டுக்குள்ளா? முகம், நாக்கு வீக்கமோ அனஃபிலாக்ஸிஸோ கடும் தோல் நோயோ வந்ததா? சிகிச்சை தேவைப்பட்டதா? முதல் இரண்டுக்கும் இரண்டிரண்டு மதிப்பெண், மூன்றாவதற்கு ஒன்று. கூட்டுத்தொகை மூன்றுக்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு. அப்படிப்பட்ட 382 பேரை 2023-ல் வெளியான பேலஸ் என்ற பன்னாட்டு ஆய்வு இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்கு நேரடியாக வாய்வழிப் பெனிசிலின் மருந்தைக் கொடுத்துக் கண்காணித்தார்கள். மறு பிரிவினருக்குத் தோல் சோதனை செய்த பிறகு கொடுத்தார்கள். இரு பிரிவிலும் தலா ஒருவருக்குத்தான் உடனடி ஒவ்வாமை எதிர்வினை உறுதியானது. தோல் உரிந்து புண்ணாகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய், உள்ளுறுப்புகளைத் தாக்கும் கடும் எதிர்வினை ஆகியவை முன்பு வந்தவர்களுக்கு மட்டும் இந்தச் சோதனையை நினைத்தும் பார்க்கக்கூடாது.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலுக்கு வேறொரு முகமும் உண்டு. ஊசி போடுவதற்கு முன் முன்கையின் தோலுக்குள் துளி மருந்தை ஏற்றி, சுற்றிலும் பேனாவால் வட்டம் போட்டு, சற்று நேரம் கழித்துச் செவிலியர் வந்து பார்க்கும் ‘டெஸ்ட் டோஸ்’ நம் வார்டுகளில் வேரூன்றிய வழக்கம். நோயாளிக்கு அது ஒரு நிம்மதி. மருத்துவருக்கு அது ஒரு காப்பு. ஏதாவது நேர்ந்தால் டெஸ்ட் டோஸ் போட்டீர்களா என்ற கேள்விதான் முதலில் எழும். இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கும் ஒன்றைக் குறைசொல்வது எளிதில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

முறையான பெனிசிலின் தோல் சோதனையில் பெனிசிலின் உடலில் சிதைந்து உருவாகும் துணைப் பொருள்களையும் வைத்துப் பார்க்க வேண்டும். தோலை எரிச்சலூட்டாதென்று ஆராய்ந்து நிறுவிய அடர்த்தியில் கரைக்க வேண்டும். பக்கத்திலேயே உப்புநீர் ஒரு புள்ளியும், தோல் எதிர்வினை காட்டக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று அறிய ஹிஸ்டமின் ஒரு புள்ளியும் வைத்து ஒப்பிட வேண்டும். முந்தைய நாள் சளிக்கோ அரிப்புக்கோ சிட்ரிசின் போட்டிருந்தால் தோல் ஊமையாகிவிடும் என்பதையும் கேட்டறிய வேண்டும். வார்டில் போடும் டெஸ்ட் டோஸில் இவை எதுவும் இருப்பதில்லை. வீக்கம் வரவில்லை என்பதால் முழு மருந்து ஆபத்தில்லாதது என்று முடிவுகட்ட இயலாது. சிவந்துவிட்டது என்பதால் ஒவ்வாமை என்றும் முடிவுகட்ட இயலாது. முதல் தவறு ஒரு நாளில் கொல்லக்கூடும். இரண்டாவது தவறு அந்த மனிதரை ஆயுள் முழுக்க இரண்டாம் தர மருந்துக்குத் தள்ளிவிடும். உண்மையான ஒவ்வாமை உள்ளவருக்கோ அந்தத் துளியே அனஃபிலாக்ஸிஸைத் தூண்டப் போதுமானதாகிவிடலாம். செஃபலோஸ்போரினுக்கு முன் எல்லோருக்கும் தோல் சோதனை என்ற வழக்கம் ஊறிப்போன சீனாவிலேயே, 2021-ல் அரசு வழிகாட்டுதல் அந்த வழக்கம் தேவையில்லை என்று அறிவித்தது.

டெஸ்ட் டோஸை நம்பும் நாம், அதைவிடப் பயனுள்ள ஒன்றைச் செய்யாமல் விடுகிறோம்: கேட்பது. அறுவைக்கு முன் ‘அனஸ்தீசியா ஃபிட்னஸ் வாங்கிட்டு வாங்க’ என்று அனுப்பப்படும் நோயாளி நீண்ட வரிசையில் நின்று உள்ளே போகிறார். ‘அலர்ஜி ஏதாவது இருக்கா?’ என்பது கேள்வி. ‘அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க’ என்பது பதில். அதே நோயாளியிடம், ‘எந்த மாத்திரையாவது ஊசியாவது உங்களுக்கு ஒத்துக்காமப் போயிருக்கா? போட்ட எவ்வளவு நேரத்துல வந்துச்சு? மூச்சு வாங்குச்சா, மயக்கம் வந்துச்சா, தடிப்பு மட்டுமா? ஆஸ்பத்திரியில படுக்க வெச்சாங்களா? அதுக்கப்புறம் அந்த மருந்தைச் சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டால் வேறு கதை வெளிவரும். மருந்தின் பெயர் பலருக்குத் தெரியாது. கடையில் பட்டையை வெட்டி நான்கு மாத்திரை கொடுத்தபோது பெயர் வெட்டுப்பட்டு மறுபாதியோடு கடையிலேயே தங்கியிருக்கும். இருந்தாலும் எந்த நோய்க்கு, எந்த மருத்துவரிடம், எந்த ஆண்டு என்பது வீட்டில் யாருக்காவது நினைவிருக்கும். கடைசிக் கேள்வி மிக முக்கியம். ஒவ்வாதென்று நம்பும் மருந்தை அதன் பிறகு தெரியாமல் நான்கு முறை தொல்லையின்றிச் சாப்பிட்டிருந்தால் அந்த வரியை அன்றே அழித்துவிடலாம்.

கேள்விகளுக்குள் அடங்காத பொருள்களும் இருக்கின்றன. பிரிட்டிஷ் தணிக்கையில் 18 நிகழ்வுகளுக்குக் காரணம் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி. தோலைத் துடைக்கும் நீர்மம், சிறுநீர்க்குழாய் செருகும்போது தடவும் ஜெல், கழுத்து நரம்பில் செருகும் குழாயின் மேல்பூச்சு என்று அது அரங்கெங்கும் இருக்கிறது. மருந்துப் பட்டியலில் அதன் பெயர் வராததால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. பூச்சுள்ள குழாய் உள்ளேயே இருக்க, அழுத்தம் ஏன் ஏறவில்லை என்று தவிக்க நேரிடும். மார்பகப் புற்றுநோய் அறுவையில் நிணநீர்க் கணுவைக் கண்டறியச் செலுத்தும் நீலச் சாயத்தால் ஒன்பது பேர் பாதிக்கப்பட்டார்கள்.

ஃபோல்கோடின் என்ற இருமல் மருந்தின் கதை எல்லாவற்றையும்விட விசித்திரமானது. தசைத் தளர்ச்சி மருந்துகளை வாழ்நாளில் பார்த்தேயிராத ஒருவருக்கு முதல் அறுவையிலேயே அவை ஒவ்வாமல் போவது எப்படி என்பது நீண்டகாலப் புதிர். நார்வேயில் இது அடிக்கடி நடந்தது; அண்டை நாடான ஸ்வீடனில் அரிது. இரண்டு நாடுகளுக்கும் என்ன வேறுபாடு என்று எரிக் ஃப்ளோர்வாக், ஜொஹான்சன் ஆகியோர் தேடிக்கொண்டே போனார்கள். ஐஜிஇயைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான அதே ஜொஹான்சன்தான் இவர். ஃபோல்கோடின் இருமல் சிரப் ஸ்வீடனில் 1980-களிலேயே சந்தையிலிருந்து போய்விட்டிருந்தது. நார்வேயில் தாராளமாகப் புழங்கியது. அதன் மூலக்கூறிலும் தசைத் தளர்ச்சி மருந்துகளிலும் ஒத்த வேதிப்பகுதி ஒன்று இருக்கிறது. இருமலுக்குக் குடித்த சிரப், ஆண்டுகள் கழித்து வரப்போகும் அறுவைக்கு உடலைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தது. நார்வே 2007-ல் அதை விலக்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் நிகழ்வுகள் குறைந்தன. ஐரோப்பிய மருந்து முகமை 2022 டிசம்பரில் அதைத் திரும்பப் பெறப் பரிந்துரைத்தது. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் 2023-ல் பின்தொடர்ந்தன. மூலையில் கிடந்த ஒரு சந்தேகத்தைப் பதினைந்து இருபது ஆண்டுகள் விடாமல் துரத்திய அந்த நார்டிக் ஆய்வாளர்களுக்கு அறுவை மேசையில் படுக்கும் ஒவ்வொருவரும் கடன்பட்டிருக்கிறார்கள்.

எத்தனை முன்னெச்சரிக்கை இருந்தாலும் அனஃபிலாக்ஸிஸ் வந்தே தீரும் நாள்கள் உண்டு. அந்த நாளில் உயிர் காப்பது அட்ரினலின். பிரிட்டனில் ரிச்சர்ட் பம்ஃப்ரி என்பவர் அனஃபிலாக்ஸிஸ் மரணங்களை ஆராய்ந்து 2000-ல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு வரிசை உண்டு. உணவால் என்றால் இதயமோ மூச்சோ நிற்க நடுமதிப்பாக 30 நிமிடம். பூச்சிக்கடியால் என்றால் 15. மருத்துவமனையில் செலுத்திய மருந்தால் என்றால் 5. இந்த ஐந்து நிமிடத்துக்குள் செய்ய வேண்டியதில் நம் நாட்டில் அடிக்கடி ஒரு வரிசைப் பிழை நேர்கிறது. முதலில் அவில், அடுத்து டெக்ஸா அல்லது ஹைட்ரோகார்டிசோன், அவற்றுக்கும் அடங்காவிட்டால்தான் அட்ரினலின். அவில் அரிப்பைத் தணிக்கும். சரிந்த அழுத்தத்தைத் தூக்காது. ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்க மணிக்கணக்காகும். அட்ரினலின் ஒன்றுதான் விரிந்த நாளங்களைச் சுருக்கி, மூச்சுக்குழலைத் திறந்து, மாஸ்ட் செல் மேலும் கொட்டாமல் தடுக்கிறது. வார்டிலோ கிளினிக்கிலோ பெரியவருக்கு அரை மில்லிகிராமைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் உடனே போட வேண்டும். காலைத் தூக்கிப் படுக்க வைக்க வேண்டும், எழுந்து நிற்கவோ நடக்கவோ விடவே கூடாது. கண்காணிப்புக் கருவிகள் உள்ள அறுவை அரங்கில் 50 மைக்ரோகிராம் அளவாக நரம்பில் கொடுத்து, உப்புநீரை வேகமாக ஏற்றுவார்கள். மேல் அழுத்தம் 50-க்குக் கீழே போனால் நாடி தட்டுப்படுகிறதா என்று தேடிக்கொண்டிராமல் நெஞ்சை அமுக்கத் தொடங்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் தணிக்கையின் அழுத்தமான பரிந்துரை. அந்த நிலைக்குப் போனவர்களில் பலருக்கு அதைத் தொடங்கத் தயங்கியதை அத்தணிக்கை கண்டறிந்தது.

அதே அறிக்கை மற்றொன்றையும் சொல்கிறது. ஆன்டிபயாட்டிக்கை மயக்கம் கொடுத்த பின் செலுத்தாமல், நோயாளி விழித்திருக்கும்போதே, மயக்க மருந்துக்குச் சில நிமிடங்கள் முன்னதாகக் கொடுங்கள் என்கிறது. காரணம் எளிது. ஆன்டிபயாட்டிக் ஒவ்வாமை பெரும்பாலும் ஐந்து, பத்து நிமிடத்துக்குள் தலைகாட்டிவிடும். அந்த நேரத்தில் விழித்திருப்பவர் வாய்விட்டுச் சொல்வார். காரணம் எது என்பதிலும் குழப்பம் இராது. கூடுதல் செலவு இல்லை, புதுக் கருவி வேண்டாம், வேலைகளின் வரிசையைச் சற்று மாற்றினால் போதும்.

உயிர் பிழைத்தவரிடம் வேலை முடிந்துவிடுவதில்லை. ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த இரத்தத்தில் டிரிப்டேஸ் அளவைப் பார்த்து, ஒருநாள் கழித்து எடுத்ததோடு ஒப்பிட்டால், நடந்தது மாஸ்ட் செல்லின் வேலையா, வேறு காரணமா என்பது பெருமளவு தெளியும். நான்கைந்து வாரங்கள் சென்றபின், அன்று செலுத்திய ஒவ்வொரு பொருளையும் ஒவ்வாமை நிபுணர் தோலில் வைத்துப் பார்க்க வேண்டும். டென்மார்க்கில் இதற்கென்றே ஒரு தேசிய மையம் 1998 முதல் இயங்குகிறது. அறுவை அரங்கில் முதலில் சந்தேகிக்கப்படும் மருந்து பல நேரங்களில் நிரபராதி என்பது இத்தகைய மையங்களின் அனுபவம். சோதிக்காமல் விட்டால் நிரபராதி பதிவேட்டில் ஏறும். உண்மையான காரணம் அடுத்த அறுவைக்குக் காத்திருக்கும்.

இந்தியாவில் இத்தகைய மையங்கள் மிகக் குறைவு. அதற்காக எல்லாவற்றையும் கைவிட வேண்டியதில்லை. மருந்துகளின் தீய விளைவுகளைத் திரட்டும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் இருக்கிறது. காசியாபாத்தில் தலைமையகம், 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண். மருத்துவர் மட்டுமில்லாமல் நோயாளியே அழைத்துப் பதிவு செய்யலாம். மருத்துவமனை இன்றைக்கே செய்யக்கூடியது இன்னும் எளியது. வீட்டுக்கு அனுப்பும்போது ‘மருந்து அலர்ஜி’ என்று டிஸ்சார்ஜ் சம்மரியின் ஓரத்தில் கிறுக்காமல் ஒரு தனிக் கடிதம் தரலாம். எந்தத் தேதியில், எந்தெந்த மருந்துகளை, எந்த நேர வரிசையில் கொடுத்தார்கள். எத்தனை நிமிடத்தில் என்ன நடந்தது. அட்ரினலின் எவ்வளவு தேவைப்பட்டது. சோதனையில் எது உறுதியானது, எது விலக்கப்பட்டது. அடுத்த முறை எதைக் கொடுக்கலாம். இவ்வளவும் தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். சோதித்து ஒவ்வாமை இல்லையென்று தெரிந்தால் அதற்கும் இதே போன்ற கடிதம் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மருத்துவமனையில் அலர்ஜி இருக்கா என்று கேட்கும்போது பழைய பழக்கத்தில் அவரே ‘பெனிசிலின் ஆகாது’ என்று சொல்லிவிடுவார். அழித்த வரி மறுபடி கேஸ் ஷீட்டில் ஏறிவிடும்.